பல் ஆஸ்பத்திரி அஞ்சலாட்சி

அஞ்சலாட்சி அக்கா எப்படிச் செத்தார் என்று தவளக்குப்பம் பக்கம் போய்க் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சர்க்கரை என்பார்கள். நேரம் சரியில்லை என்பார்கள். உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்பார்கள். யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. அதனால்தான் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது. என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. உப்பளம் பகுதியில் இருக்கும் டாக்டர் ராஜாங்கத்தின் பல் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக உதவியாளர். அக்கா அங்கே பத்தொன்பது வருடம் இருந்தவர்.

அவர் வேலைக்கு வந்த கதையே வேடிக்கையானது. மாமியாருக்குப் பல் பிடுங்க வேண்டுமென்று கூட்டி வந்திருக்கிறார். அன்றைக்கென்று உதவிக்கு இருந்த பெண் லீவு. போதாக்குறைக்குக் கரண்டும் இல்லை. டாக்டர் தடுமாறுவதைப் பார்த்து இவரே டார்ச்சை வாங்கிப் பிடித்திருக்கிறார். கை ஆடவில்லை, ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. பல் வெளியே வந்ததும் டாக்டர் மாமியாரை விட்டுவிட்டு மருமகளிடம், "நாளையிலேருந்து வேலைக்கு வர்றியாம்மா?" என்று கேட்டாராம். "எங்க மாமியாருக்குப் பல்லு போச்சு, எனக்கு வேல வந்துச்சு" என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த மாமியார் கடைசிவரை இதை மன்னிக்கவில்லையாம்.

வீட்டுக்காரர் ராமலிங்கம் விவசாயம். மணிலா என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கத்திரியும் போடுவார். ஒரே பெண் சுடர்விழி, கடலூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அக்கா தினம் காலையில் வீட்டு வேலையை முடித்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, தவளக்குப்பத்தில் பஸ் ஏறி ஒன்பது மணிக்கெல்லாம் உப்பளம் வந்துவிடுவார். ஊரில் அவர் பெயரே பல் ஆஸ்பத்திரி அஞ்சலாட்சிதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்து காட்டுவார். அக்கா எட்டிப் பார்த்து, "இத்த புடுங்க வாணாம், அடைச்சிக்கலாம்" என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவர் செய்யாத வேலை கிடையாது. கருவிகளைக் கழுவி அவிப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பயந்தவர்களின் தோளில் கை வைத்து "ஒண்ணும் ஆவாது, கண்ண மூடிக்கோங்க" என்பது. எல்லாவற்றையும் விட முக்கியமானது எண் எழுதுவது. ஈறு கெட்டுப்போன நோயாளி வந்தால் டாக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று பல் பல்லாகச் சொல்லிக்கொண்டு வருவார். மூன்று வரை கவலையில்லை. ஐந்து என்றால் ஈறு பல்லை விட்டுவிட்டது, அடியில் எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஏழு, எட்டு என்றால் அந்தப் பல் விருந்தாளி. டாக்டர் "எட்டு" என்று சொல்லும்போதும் அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குக் காத்திருப்பார்.

அக்காவின் பற்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வரிசையாக, வெள்ளையாக, ஒரு பூச்சிப்பல் கூட இல்லாமல் இருக்கும். இனிப்பு தின்று பல்லைச் சொத்தையாக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் டாக்டர், "எங்க அஞ்சலாட்சி பல்லப் பாரு! அஞ்சலாட்சி, காட்டும்மா" என்பார். அக்கா வெட்கத்தோடு ஈயென்று காட்டுவார். பிள்ளைகளின் அம்மாக்கள் வியந்து பார்ப்பார்கள். பல வருடம் இப்படி எங்கள் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பலகையே அவர் வாய்தான். பூச்சியில்லாத பல்லுக்கு அடியிலும் ஈறு அழுகும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஊருக்குத்தான் உபதேசம்.

கொரோனா வந்தபோது எல்லோரும் மாஸ்க் போட்டோம். கொரோனா போனதும் நான் கழற்றிவிட்டேன், டாக்டர் நோயாளி இல்லாத நேரத்தில் கழற்றிவிடுவார். அக்கா கழற்றவேயில்லை. சாப்பிடும்போது கூடத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். டாக்டரும் "காட்டும்மா" என்று சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார். நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

போன வருடம் தை மாதம் ஒரு மத்தியானம், கை கழுவப் போனவள் வாஷ்பேசினில் ரத்தத்தைப் பார்த்தேன். அக்கா அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"எத்தன நாளாக்கா?"

"நாளா? வருஷம் கேளு." மாஸ்க்கை இறக்கி, கீழ்வரிசை முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினார். பல் முன்னால் வந்து திரும்பிப் போனது. வாடை என் முகத்தில் அடித்தது. ஆறு வருடமாக அந்த வாடையோடு வேலை செய்பவள் நான், அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சார்ட்ட சொல்லுங்கக்கா. இன்னிக்கே சொல்லுங்க."

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்லுவேன்? ஊரு சனத்துக்கெல்லாம் என் வாயத்தான காட்டுனாரு. அந்த வாய் அழுவிப்போச்சு சார்னு சொல்லவா?" கண் கலங்கிவிட்டது. "பல்லு இல்லாத பொம்பளய பல் ஆஸ்பத்திரியில எவன்டி வச்சிக்குவான்?"

முழுப் பூசணிக்காயை மாஸ்க்கில் மறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. டாக்டர் அப்படிப்பட்ட மனிதரில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இந்த வேலை போனால் தான் வெறும் ராமலிங்கம் பெண்டாட்டி என்றார் அக்கா.

இரண்டு மாதம் கழித்து லேசர் வந்தது.

டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் பேனா போல ஒரு பிடி, அதன் நுனியில் முடியைவிடக் கொஞ்சம் தடித்த கண்ணாடி இழை. காலால் ஒரு பெடலை அழுத்தினால் வேலை செய்யும். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். முதலில் அதில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தாக்காரர். நாற்பது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, துப்பிப் பார்த்து, ரத்தம் இல்லையென்றதும் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "மெர்சி, மெர்சி" என்றார். அக்கா அந்தத் துப்பும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தார். "இது மந்திரக்கோல் கெடையாது. பல்லுக்கு அடியில சிமெண்டு மாதிரி காறை படிஞ்சிருக்கும். அத்த மொதல்ல மிஷின் வச்சி சொரண்டி எடுக்கணும். அப்பறமா இந்த லேசர உள்ள விட்டா மிச்சம் மீதி கிருமி சாவும், ஈறு இறுகும். காறைய எடுக்காம லேசர மட்டும் காட்டினா சாக்கடைக்கு மேல சிலாப் போட்டு மூடுன கதைதான்." இன்னொரு கட்டளையும் போட்டார். சர்க்கரை பார்க்காமல் ஒருவரையும் நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. "சுகர் இருக்கா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பது அக்காவின் வேலை. அவரை யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரையில் எந்தப் படத்தைத் தொட்டால் எந்த அளவு வரும், இழையை எப்படிச் சீவுவது, ஒரு பல்லுக்கு எத்தனை வினாடி, எல்லாம் மனப்பாடம். கண் பார்த்ததைக் கை செய்யும் என்பார்கள். டாக்டரே ஒருமுறை, "செல்வி, ஒனக்கு டாக்டர் கை" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. மத்தியானம் ஒரு மணிக்குக் கடை கண்ணியெல்லாம் சாத்திவிடுவார்கள். நாலு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தூக்கம், அவன் போயும் தூக்கம் போகவில்லை. டாக்டர் வீடு ஆஸ்பத்திரிக்கு மாடி. ஒரு மணிக்கு மேலே போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணி வரை எழமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கீழேயே இருப்போம். அந்த மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி எங்களுடையது.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷட்டரை இறக்கியதும் அக்கா தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"செல்வி, எனக்கு அத்த வச்சி விடறியா?"

எதை என்று நான் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது. கேட்பார் என்று ஒரு மாதமாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கேட்க மாட்டாரா என்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"காறைய மொதல்ல எடுக்கணுமேக்கா."

"மிஷினு போட்டா கம்ப்ரசர் கத்தும். அது சாரு தலமாட்டுக்கு நேர் கீழ இருக்குது. எழுந்து வந்துடுவாரு." அக்கா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "லேசருக்குச் சத்தமே கெடையாது இல்ல?"

எங்கள் அறிவு அந்த ஒரு இடத்தில் போய் முட்டிக்கொண்டது. சத்தம் போடுகிற மிஷின் வேண்டாம், சத்தம் போடாத மிஷின் போதும். கையால் சுரண்டும் கருவியை எடுத்து ஒரு பல்லில் முயன்று பார்த்தேன். குபுக்கென்று ரத்தம் வந்தது. உறிஞ்சும் குழாயையும் ஓடவிட முடியாது, அதற்கும் மோட்டார் கத்தும். பஞ்சு மேல் பஞ்சாக வைத்து அழுத்தினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, "இது வாணாம், நேரா லேசரே வையி" என்றார். சரியென்றேன்.

அந்த நாற்காலியில் அக்கா அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தார். அதில் நாங்கள் உட்காருவது கிடையாது. யாரும் தடுக்கவில்லை, ஆனால் உட்காருவதில்லை. பத்தொன்பது வருடம் அதைத் துடைத்தவருக்கு அதில் காலை எங்கே நீட்டுவதென்று தெரியவில்லை. மரத்துப்போகும் களிம்பைத் தடவிவிட்டு, இருவரும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டோம். சிவப்புப் புள்ளி ஈறில் விழுந்தது. பெடலை மிதித்தேன். முடி பொசுங்கும் வாடை வந்தது. அக்காவின் கால்விரல்கள் மடங்கின. "ஒண்ணும் ஆவாதுக்கா" என்றேன். அவருடைய வசனத்தையே அவரிடம் சொன்னேன்.

முன்பல் ஆறு அன்றைக்கு. அடுத்த வாரம் கீழே வலது பக்கம். அதற்கடுத்த வாரம் கீழே இடது பக்கக் கடைவாய்ப் பற்கள். மூன்று மத்தியானம்.

ரத்தம் நின்றது. வாடை போனது. ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது, பார்க்க அழகாக இருந்தது. அக்கா மாஸ்க்கைக் கழற்றினார். நாலு வருடத்துக்கு அப்புறம் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். வரும் வழியில் கொய்யாப்பழம் வாங்கி வந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு எனக்கெதிரே கடித்துத் தின்றார். ஒருநாள் தட்டுவடை, ஒருநாள் வேகவைத்த மக்காச்சோளம். பல்லுக்குச் சோதனை வைப்பதுபோலத் தினம் ஒன்று. "ஊட்ல அவுரு கேக்கறாரு, என்னாடி கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிக்கறன்னு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனதுக்குள் நான் டாக்டராகிவிட்டிருந்தேன்.

ஆனால் அந்த மூன்றாவது வாரத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன். இடது கடைவாய்ப் பல்லின் பின்னால் விரலை வைத்து அழுத்தியபோது பருவின் நுனி அளவுக்கு ஒரு வெள்ளைச் சொட்டு வெளியே வந்தது. சீழ். என்னவென்று தெரியாமலிருக்க நான் காய்கறிக் கடையில் வேலை செய்யவில்லை. பஞ்சால் துடைத்தேன். அக்கா, "என்னா பாக்கற?" என்றார். "ஒண்ணும் இல்லக்கா, நல்லா இருக்குது" என்றேன். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாமென்று நினைத்ததாக இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கைவேலை கெட்டுப்போனதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

வேறு சிலவும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், அடிக்கடி பாத்ரூம் போனார். ஜாக்கெட் தோளில் நழுவியது. வயலில் முள் குத்திய குதிகால் ஒன்றரை மாதமாக ஆறவில்லை, துணி சுற்றிக்கொண்டு வந்தார். வேறு யாராவது இப்படி உள்ளே வந்திருந்தால் நானே சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன்.

ஆடி முடிகிற சமயம், திங்கட்கிழமை. அக்கா மறுபடியும் மாஸ்க் போட்டு வந்தார். மத்தியானம் ஷட்டரை இறக்கியதும் கழற்றிக் காட்டினார். இடது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். தொட்டால் கொதித்தது.

"காறை உள்ளயே தங்கிடுச்சிக்கா. மேல மூடிக்கிச்சு. சார்ட்ட போயிடலாம்."

"மாத்திர குடுடி, அமுங்கிடும்" என்று அலமாரியிலிருந்து அவரே வலி மாத்திரையை எடுத்தார். பிறகு என் கையைப் பிடித்து அவர் கைக்குள் வைத்துக்கொண்டார். "சார்ட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு. என் மானம் போறது இருக்கட்டும், நீ புள்ளக்குட்டிக்காரி, ஒன் வேலயும் போயிடும். ரெண்டு நாள்ல அமுங்கிடும். சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வரவில்லை. ஒன்பதரைக்குப் போன் செய்தேன். வாயில் சோற்றுருண்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் வந்தது. தண்ணீர் இறங்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. பத்து மணிக்கு டாக்டர் கீழே வந்து, "எங்க அஞ்சலாட்சி?" என்று கேட்டார்.

"ஜுரம் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குப் பதினான்கு நோயாளிகள். அதில் மூன்று பேருக்கு ஈறு. டாக்டர் எண்களைச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ராமலிங்கம் அண்ணன் போன் செய்தார். "கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கிப்போச்சும்மா. எச்சிலு கூட முழுங்க முடியல, ஒழுவுது. வெந்நீர் ஒத்தடம் குடுக்கலாமா?" ஒத்தடம் கூடவே கூடாது. சீழ் கட்டிய வீக்கத்துக்குச் சூடு காட்டினால் அது பரவும் என்று நோயாளிகளுக்கு நாங்களே அச்சடித்துக் கொடுக்கிறோம். எனக்கு அந்தப் போனை வைத்துவிட்டால் போதும் என்று இருந்தது. "குடுங்கண்ணா" என்றேன். "காலையில ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றும் சொன்னேன். மாடியில் டாக்டர் வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு படி. ஏறவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் மறுபடி போன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது, அடைத்துக்கொண்ட குழாயில் காற்று போவதுபோல. அது என்னவென்று அண்ணனிடம் கேட்டேன்.

"அவ மூச்சு வுடறதும்மா."

அப்போதுதான் ஓடினேன். தலை கூட வாரவில்லை. அந்த இருபத்திரண்டு படியும் ஏறி, டாக்டரை எழுப்பி, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "நாக்கு மேல தூக்கியிருக்குதாமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அண்ணனுக்குப் போன் போட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேருவதற்கும் அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. அக்காவின் கழுத்தும் தாடையும் ஒன்றாகியிருந்தன. வாயை மூட முடியவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நின்றது. கண் மட்டும் என்னைத் தேடியது. கண்டுபிடித்ததும் பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. நான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வையில் இருந்தது கோபம் இல்லை, வெட்கம். மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில் ஒரு மனுஷிக்கு வெட்கம்.

சர்க்கரை நானூற்று அறுபத்திரண்டு. எவ்வளவு நாளாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள், தாடைக்குக் கீழே கிழித்துச் சீழை வடித்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டிருந்தது. நேற்றே கொண்டுவந்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டரம்மா ஆரம்பித்தார். ராமலிங்கம் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை, வார்டுக்கு வெளியே பெஞ்சில் டாக்டர் ராஜாங்கம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா எனக்குத் தெரியும் செல்வி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த வாடை எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷமா மோந்துக்கினு இருக்கறேன். கேட்டா சங்கடப்படுமேன்னு விட்டுட்டேன். அதுவா சொல்லட்டும், அதுவா ஒக்காரட்டும்னு பாத்துக்கினு இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரியாத பாத்தேன். பெரிய மரியாத."

அக்காவுக்கு அவரிடம் வெட்கம், அவருக்கு அக்காவிடம் சங்கடம், எனக்கு என் கைமேல் கர்வம். மூன்று பேருக்கும் தினம் வாயைப் பார்ப்பதுதான் வேலை, அந்த ஒரு வாயைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்கா போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது.

டாக்டர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம். லேசரையும் அவர் தூக்கிப்போடவில்லை, இன்னும் நோயாளிகளுக்கு வைக்கிறார், குணமாகிப் போகிறார்கள். அது நல்ல கருவிதான். இப்போது அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது, சாவி மாடியில். மத்தியானத்தில் நான் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலைந்து நாள் கழித்து அவர்கள் ஊருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ராமலிங்கம் அண்ணன் மணிலாக்கொடியை உதறிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நீதான் அவளுக்கு ஏதோ மிஷினு வச்சி வைத்தியம் பாத்தியாம். சொன்னா. யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான் சொன்னா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பல வருஷம் கழிச்சி வயிறாரத் தின்னாம்மா. ராவுல எழுந்து ரத்தம் துப்பறது நின்னுபோச்சு. கடசி ஒரு மாசம் நல்லா இருந்தா. நீ நல்லா இருக்கணும்."

அவர் என்னைக் கும்பிட்டார். இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காறையை எடுக்காமல் மூடியது, சீழைப் பார்த்தும் துடைத்துப் போட்டது, டாக்டரிடம் பொய் சொன்னது, ஒத்தடம் கொடுக்கச் சொன்னது. அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒன்று கேட்டார்.

"செவ்வாக்கெழம காலையிலயே டாக்டருட்ட சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?"

"பொழச்சிருப்பாங்கண்ணா. நெறைய பேரு பொழச்சிருக்காங்க."

கொட்டகைப் பக்கம் போய் மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "இத்த சுடருகிட்ட சொல்லாத. அது கண்ணுக்கு நீ அம்மாகூட இருந்தவ. அப்படியே இருந்துட்டுப் போ" என்றார்.

நான் தலையாட்டவில்லை. பேசாமலிருந்ததற்கு ஒரு உயிர் போதும். சுடர்விழி உள்ளே ஜன்னல் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், எவ்வளவு கேட்டாளோ தெரியாது. நான் உள்ளே போய் அவளை உட்காரவைத்து, அவள் அப்பாவிடம் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் மறுபடியும் சொன்னேன். அவள் அழவில்லை. பாடம் கேட்கிற பிள்ளை போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"தெரிஞ்சும் எவ்ளோ நேரம் சும்மா இருந்தீங்க?"

"ஒரு பகல், ரெண்டு ராத்திரி" என்றேன்.